குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்த ஆள் அழைத்தவர்களின் அனுபவங்கள்

மேற்கு தாம்பரத்திலிருந்து

எங்கள் அடுக்குமாடி வீட்டில் படுக்கையறையை ஒட்டிய குளியலறைக்கு வெளிச்சுவர் கிடையாது. கட்டடத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை செல்லும் டக்டை நோக்கி ஒரு வென்டிலேட்டர் மட்டும் உண்டு. அதில் லூவர் கண்ணாடிகள். கோடையில் பெரிய தொல்லை இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் கூரையின் மூலைகளில் பூஞ்சை கரும்புள்ளிகளாகப் படரும், கதவின் அடிப்பகுதி ஈரத்தில் உப்பி நிலையோடு உரசத் தொடங்கும். வெள்ளையடிப்பதும் கதவை இழைப்பதும் ஆண்டுதோறும் நடக்கும் சடங்காகிவிட்ட பிறகுதான் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துவிடலாம் என்று வீட்டில் முடிவானது.

முதலில் தொலைபேசியில் பேசிய எலக்ட்ரீஷியன், இடத்தைப் பார்க்காமலேயே முந்நூறு ரூபாய் என்றார். வந்து பார்த்ததும், நடுவிலுள்ள இரண்டு கண்ணாடிகளை உருவிவிட்டு லூவர் சட்டத்திலேயே கட்டுக்கம்பியால் ஃபேனை இறுக்கிவிடலாம் என்றும், மின்சாரத்தைக் குளியலறைக்குள் இருக்கும் கீசர் பிளக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கீசருக்கான சர்க்கியூட்டில் இருக்கும் எம்.சி.பி. (பளு மிகுந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) கீசரின் பளுவுக்கு ஏற்றது; அதில் மெல்லிய கம்பியைக் கோத்தால், அந்தக் கம்பி சூடேறி உருகினாலும் எம்.சி.பி. விழாது. ஆகவே அவரை மரியாதையாக அனுப்பிவைத்தோம்.

அடுத்து வந்தவரை எங்கள் குடியிருப்பின் பிளம்பர் அறிமுகப்படுத்தினார். அவர் உள்ளே நுழைந்ததும் வென்டிலேட்டரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை; குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, குனிந்து, அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்த்தார். “சார், வெளியே தள்ளுற காத்துக்கு ஈடா உள்ளே வர்ற காத்துக்கு வழி எங்கே?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. வழி இல்லையென்றால் ஃபேன் சுழலும், சத்தமும் கேட்கும், ஆனால் காற்று நகராது என்றும், நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டில், நாற்றத்தைத் தடுக்கத் தரை வடிகாலில் தேங்கி நிற்கும் ஃப்ளோர் டிராப்பின் தண்ணீர் வற்றியிருந்தால் சாக்கடை நாற்றத்தை அதன் வழியாகவே உள்ளே இழுத்துவிடும் என்றும் விளக்கினார். கதவின் அடியில் முக்கால் அங்குலம் இழைத்துவிடும்படி அவர் சொன்ன பிறகு, தச்சர் வந்து அந்த வேலையை முடித்துக்கொடுத்தார். கதவு உரசும் தொல்லையும் அத்தோடு தீர்ந்தது.

அளவையும் அவரே கணக்குப் போட்டுக் காட்டினார். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஒன்பதடி உயரம் என்றால் 360 கன அடி. குளியலறைக் காற்று மணிக்கு எட்டு முறையாவது மாற வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு; அதன்படி மணிக்கு 2,880 கன அடி, அதாவது ஏறத்தாழ 82 கன மீட்டர். கடைகளில் கிடைக்கும் ஆறு அங்குல ஃபேன்களின் பெட்டிகளில் இதைவிட மிகுதியான எண்ணே பெரும்பாலும் அச்சாகியிருக்கும். எட்டு அங்குலம் வாங்கலாமே என்று நான் கேட்டதற்கு, சத்தம்தான் கூடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

லூவர் கண்ணாடிகளை முழுவதும் எடுத்துவிட்டு, அலுமினியச் சட்டத்தில் ஏ.சி.பி. எனப்படும், நடுவே பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு அடித்து, அதில் வட்டமாக வெட்டி ஃபேனைப் பொருத்தி, விளிம்பு முழுவதும் சிலிகான் பூசினார். தகட்டின் மறுபாதியில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடியை விட்டுவைத்தது எங்கள் வீட்டம்மாவின் யோசனை. டக்ட் எல்லா வீடுகளுக்கும் பொதுவானது என்பதால், ஃபேன் நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் ஷட்டர் உள்ள மாடலைத்தான் வாங்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். ஷட்டர் இல்லாதிருந்தால் கீழ்வீட்டுப் பெரியவரின் காலைச் சுருட்டு எங்கள் குளியலறைக்கும் வந்து சேர்ந்திருக்கும். வெளிப்பக்கம் புறா வலை கட்டினார். சென்னையில் டக்ட் என்றால் புறா என்று பொருள், குச்சிகளைக் கொண்டுவந்து திணித்து இறக்கைகளையே நிறுத்திவிடும்.

சுவிட்சை விளக்கோடு சேர்க்காமல், கதவுக்கு வெளியே தனியாக வைத்தார். குளித்து முடித்தபின் பதினைந்து இருபது நிமிடங்கள் ஃபேன் ஓட வேண்டும். விளக்கோடு சேர்த்துவிட்டால் விளக்கை அணைக்கும்போது ஃபேனும் நின்றுபோகும் என்பது அவர் சொன்ன காரணம். எல்லாம் முடிந்ததும் ஒரு டிஷ்யூ தாளை ஃபேனுக்கு அருகில் பிடித்து, அது ஒட்டிக்கொண்டு நிற்பதைக் காட்டிய பிறகே கூலியைப் பற்றிப் பேசினார். முதலாமவர் சொன்னதைப்போல் மூன்று மடங்கு கேட்டார். கொடுத்ததில் எங்களுக்கு வருத்தமில்லை.

கோயம்புத்தூரிலிருந்து

எங்கள் அனுபவம் கசப்பில் தொடங்கியது. வீட்டைப் புதுப்பிக்கும் வேலையை மொத்தமாக ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருந்தோம். குளியலறைக்கு ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதன் நடுவே பார்வைக்கு அழகாக ஒரு சதுர ஃபேனைப் பதித்துக்கொடுத்தார்கள். சுவிட்சைப் போட்டால் ஓடியது, நீராவியும் மேலே போனது. சில மாதங்களில் சீலிங்கில் பழுப்பு வளையங்கள் தோன்றின. மேல் தளத்தில் கசிவு இருக்கிறது என்று முதலில் பிளம்பரைத்தான் அழைத்தோம். அவர் குழாய்களில் குறையில்லை என்று சொல்லிவிட்டார்.

பிறகு ஏசி டக்ட் வேலை செய்யும் ஒருவர் வந்து, ஃபேனைக் கழற்றி, கைப்பேசியின் விளக்கை உள்ளே செலுத்திப் பார்த்தார். ஃபேனிலிருந்து புறப்பட்ட வளையும் அலுமினியக் குழாய் சுவர்வரை போகவேயில்லை. பாதி வழியில், சீலிங்குக்கும் கான்கிரீட் தளத்துக்கும் நடுவே, வாய் திறந்தபடி கிடந்தது. குளியலறையின் நீராவி முழுவதும் அந்த மூடிய இடைவெளிக்குள் போய், குளிர்ந்த தளத்தில் நீர்த்துளிகளாகப் படிந்து, மார்கழிக் குளிரில் இன்னும் மிகுதியாகச் சொட்டி, பலகையை ஊறவைத்திருக்கிறது. சுவரில் துளையிடுவது தனிச் செலவு என்பதால் அந்த வேலையையே விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் முடித்துக்கொடுத்திருந்தார்கள். ஃபால்ஸ் சீலிங் போடுபவர் யாராக இருந்தாலும், பலகையை மூடுவதற்கு முன்பு குழாய் வெளிச்சுவரைத் தாண்டியிருக்கிறதா என்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சரிசெய்ய வந்தவர் கோர் கட்டிங் ஆட்களையும் உடன் அழைத்துவந்தார். சுத்தியலும் உளியும் வைத்து உடைத்தால் சுவரின் மறுபக்கத்துப் பூச்சு பெயரும், டைல்ஸ் விரியும். வைர முனை கொண்ட துளைக்கருவி தண்ணீர் விட்டபடி வட்டமாக அறுத்து எடுத்துவிடுகிறது. துளையிடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அவர் நெடுநேரம் செலவிட்டார். எங்கள் வீடு தூண்களும் பீம்களும் தாங்கும் கட்டடம். சீலிங்குக்கு மேலே என்றால் பெரும்பாலும் பீம் ஓடும் இடம். பீமில் துளைபோட்டால் உள்ளே இருக்கும் கம்பி அறுபட்டுவிடும் என்பதால், கட்டட வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து, பீமின் அடிப்பகுதிக்குக் கீழே செங்கல் சுவரில் நான்கு அங்குலத் துளை போட்டார். குழாயைத் தொய்வில்லாமல் இழுத்து, ஒரே ஒரு வளைவோடு, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சரித்துப் பொருத்தினார். உள்ளே படியும் நீர் ஃபேனின் மேல் வடியாமல் வெளியே போய்விட அந்தச் சரிவு தேவையாம். முன்பு வேலை செய்தவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டோம். இன்றுவரை “அடுத்த வாரம்” என்ற பதில்தான் வருகிறது.

குன்னூரிலிருந்து

மலைப்பகுதியில் வெந்நீர் இல்லாமல் ஆண்டு முழுவதும் குளிக்க முடியாது. மின்தடையை நினைத்துக் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருக்கும் வீடுகள் இங்கே நிறைய உண்டு, எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. குளிருக்கு அஞ்சி வென்டிலேட்டரையும் அடைத்துவைத்திருந்தோம். சுவர் பச்சையாகப் பாசி பிடிக்கிறது, ஃபேன் வேண்டும் என்று என் மாமியார் விரும்பியதால் ஊட்டியிலிருந்து ஒருவரை வரவழைத்தோம்.

அவர் கீசரைப் பார்த்ததும், “அம்மா, இது இங்கே இருக்கிறவரை நான் ஃபேன் மாட்ட மாட்டேன்” என்று பெட்டியை மூடிவிட்டார். எங்களுக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. காற்றை வெளியேற்றும் கருவி நல்லதுதானே என்று வாதிட்டோம். அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மூடிய அறையில் ஆக்சிஜன் குறையும்போது கீசரின் சுடர் முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது; அதற்கு நிறமும் மணமும் இல்லை, தலைசுற்றல் தெரிவதற்குள் குளிப்பவர் மயங்கிவிடுவார். புகைக்குழாய் வைத்த கீசராக இருந்தாலும், கதவடியில் வழியில்லாத அறையில் ஃபேன் காற்றை இழுக்கும்போது, வெளியே போக வேண்டிய புகை குழாய் வழியாகவே திரும்பி உள்ளே வரக்கூடும். ஃபேன் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கீசரை ஓடவிட்டு, நடுவில் மின்சாரம் நின்றுபோனால் நிலைமை இன்னும் மோசம்.

கீசரைப் பின்பக்கத்துத் திறந்த தாழ்வாரத்துக்கு மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்த பிறகே அவர் மீண்டும் வந்து ஃபேனைப் பொருத்தினார். முதல் முறை வந்துபோனதற்குப் பேருந்துக் கட்டணம்கூட வாங்கவில்லை. வேலையை மறுக்கும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

மதுரையிலிருந்து, ஒரு மின்பணியாளர்

நான் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் எதிர்ப்பக்கத்திலிருந்து சில செய்திகள். தாம்பரம் அன்பர் குறிப்பிட்டதைப்போல, இடத்தைப் பார்க்காமல் தொலைபேசியிலேயே விலை சொல்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே துளையும் வயரிங்கும் தயாராக இருக்கும் சுவரை மனத்தில் வைத்துத்தான் சொல்வார். நீங்கள் அழைக்கும்போதே வென்டிலேட்டரின் அளவு, சுவர் நாலரை அங்குலமா ஒன்பது அங்குலமா, சுவிட்ச் போர்டு எவ்வளவு தொலைவில் இருக்கிறது ஆகியவற்றைச் சொல்லி, இரண்டு மூன்று படங்களும் அனுப்பினால் எங்களால் நேர்மையான தொகையைச் சொல்ல முடியும். மின்வேலை, கோர் கட்டிங், சுவரில் காடி எடுத்துப் பூசும் கொத்தனார் வேலை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள்; பூச்சுவேலை யாருடைய பொறுப்பு என்பதில்தான் சண்டைகள் வரும்.

ஆறு அங்குல ஃபேன் என்றால் ஆறு அங்குலத் துளை போதும் என்று எண்ணி முன்கூட்டியே துளை போட்டுவைப்பவர்கள் உண்டு. அந்த ஆறு அங்குலம் இறக்கைகளின் வீச்சு. துளை அதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், சரியான அளவு பெட்டியிலோ கையேட்டிலோ தனியே அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே ஃபேனை வாங்கிவைத்த பிறகே துளை போடச் சொல்லுங்கள்.

ஷவருக்கு நேர் மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரத்துக்குள் ஃபேன் வருமானால், தண்ணீர் தெறிப்பைத் தாங்கும் ஐ.பி.எக்ஸ். 4 குறியீடாவது அதற்கு இருக்க வேண்டும். உலோக உடல் கொண்ட ஃபேனுக்கு எர்த் கம்பி கட்டாயம். பிளாஸ்டிக் ஃபேனாக இருந்தாலும் நான் மூன்று கம்பிகளாகவே இழுத்துவைப்பேன். நாளை அதே இடத்தில் உலோக ஃபேன் வரலாம். பழைய வீடுகளில் சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பிக்குப் பதிலாக அது திரும்பும் நியூட்ரலை வெட்டும்படி இணைக்கப்பட்டிருப்பதை இன்றும் காண்கிறேன். அப்படியிருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் ஃபேனில் மின்சாரம் இருக்கும், துடைக்க ஏறியவர் ஈரக்கையால் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், எங்களில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் ஃபேனுக்கு முன்பு அதைத்தான் போட்டுக்கொள்ளச் சொல்வேன். அரசு வழங்கும் கம்பியாளர் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதிலும் தவறில்லை, வைத்திருப்பவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

நாகர்கோவிலிலிருந்து

எங்கள் ஊருக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. மேற்குச் சுவரில் சன்ஷேடு இல்லாத இடத்தில் ஃபேன் வைத்ததால், காற்றோடு வரும் சாரல் ஷட்டரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. பொருத்தியவரே மறுபடி வந்து, கீழ்நோக்கி வாய் உள்ள மூடி ஒன்றை வெளிப்பக்கம் வைத்து, விளிம்பை மறுபடி சிலிகானால் அடைத்துக்கொடுத்தார். கடற்காற்றில் சாதாரண இரும்பு மூடி விரைவில் துருப்பிடிக்கும் என்று பிளாஸ்டிக் மூடியே போதும் என்றார்.

மேற்கு தாம்பரத்திலிருந்து, மீண்டும்

மின்கட்டணம் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுடையது 30 வாட் ஃபேன். நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஒரு யூனிட்டைக்கூடத் தொடுவதில்லை. சுத்தம் செய்வதற்கு எலக்ட்ரீஷியனை அழைப்பதில்லை, எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, முன்மூடியைக் கழற்றிச் சோப்புநீரில் கழுவி, இறக்கைகளை ஈரத்துணியால் துடைக்கிறோம். மோட்டாரின் மேல் தண்ணீர் படக்கூடாது. தூசி ஏறிவிட்டால் ஷட்டர் பாதியிலேயே நின்றுவிடும், அதன் கீல்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டால் போதும்.