ஒன்பதாம் வகுப்பில் 'சம்மதம்' பற்றிப் பாடம் வேண்டுமா?

மதுரைக்காரி:
என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். டியூஷன் விட்டு வரும்போது ஒரு பையன் இரண்டு மாதமாகச் சைக்கிளில் பின்னாலேயே வந்திருக்கிறான். "பிடிக்கலை, வராதே" என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரிந்ததே போன வாரம்தான். ஏன்டி சொல்லலை என்றால், "சொன்னா டியூஷனை நிறுத்திருவீங்க, போனைப் பிடுங்கிருவீங்க" என்கிறாள். அதைத்தான் செய்திருப்பேன். பள்ளியில் இதற்கு ஒரு வகுப்பு வையுங்கள் என்று கேட்டால், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்கிறார்கள். வருவீர்களா?

ஈரோடு செல்வம்:
வருவேன் சகோதரி. எனக்கும் இரண்டு பெண்கள். 18 வயதுக்குக் கீழே பாலுறவுக்குத் தரும் சம்மதம் செல்லாது என்கிறது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம். அப்புறம் 14 வயதுப் பிள்ளைக்குச் சம்மதம் பற்றிப் பாடம் எதற்கு? ஒத்துக்கொண்டால் சரி என்றுதானே அது எடுத்துக்கொள்ளும்? அந்தப் பையனை நாலு தட்டுத் தட்டினால் முடிந்தது.

கணக்கு வாத்தியார்:
செல்வம் சார், நியாயமான கேள்வி. ஆசைப்பட்டுப் பழகினாலும் 18க்குக் கீழே வழக்கு வரும் என்பதையும் அந்த வகுப்பில்தானே சொல்ல முடியும்? ஆனால் சம்மதம் அதோடு முடிகிற விஷயமில்லை. தோளில் கை போடுவது, போட்டோ எடுப்பது, எடுத்ததைக் குரூப்பில் போடுவது, எல்லாமே கேட்டுச் செய்ய வேண்டியவை. 22 வருடமாகப் பையன்களோடு இருக்கிறேன். "அவ ஒண்ணும் சொல்லலை சார், சிரிச்சா" என்பான். பயத்திலும் சிரிப்பு வரும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. மௌனம் சம்மதம் என்று நாம்தான் சொல்லி வளர்த்திருக்கிறோம்.

ஈரோடு செல்வம்:
அதை வீட்டில் சொல்லட்டும் சார். பள்ளிக்கூடம் எதற்கு?

நிலா:
எந்த வீட்டில் அண்ணா சொல்கிறார்கள்? 17 வயதில் நான் ஒருவனை விரும்பினேன். போன் பாஸ்வேர்டு கேட்டான், கொடுத்தேன். யாரிடம் பேசினாய் என்று தினமும் கணக்குக் கேட்டான். அக்கறை என்று நினைத்தேன். ஒருநாள் அறைந்தான், அழுது மன்னிப்பும் கேட்டான். அதையும் அன்பு என்றே நினைத்தேன். இரண்டு வருடம் போனது. இல்லை, இது அன்பில்லை என்று ஒரே ஒரு டீச்சர் சொல்லியிருந்தால் போதும். 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஈவ்டீசிங்குக்குப் பலியான பிறகுதான் இங்கே அதற்கென்று தடைச் சட்டம் வந்தது. 2022இல் பரங்கிமலை ஸ்டேஷனில் ஒரு மாணவியை ரயில் முன் தள்ளினான் ஒருவன். சட்டம் இருந்தும்தான் இது நடந்தது.

ஈரோடு செல்வம்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தங்கச்சி. சரி, பாடத்தை முதலில் பெற்றோரிடம் காட்டட்டும். பையன்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றால் நான் தடுக்கமாட்டேன்.

கணக்கு வாத்தியார்:
காட்டலாம் சார், காட்டத்தான் வேண்டும். தனித்தனியாக என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒரு பெண் தன் பயத்தைச் சொல்ல, பையன் அதைக் கேட்கவேண்டும். அவள் வேண்டாம் என்று சொன்னால் வருகிற அவமானத்தை எப்படித் தாங்குவது என்று அவனுக்குக் கற்றுத்தர வேண்டும். விருப்பமில்லை என்று தெரிந்தும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தால் சிறைக்குப் போக நேரிடும் என்பதே எங்கள் பிளஸ் டூ பையன்கள் பலருக்குத் தெரியாது.

மதுரைக்காரி:
செல்வம் அண்ணா, அடிக்க எங்கள் வீட்டிலும் ஆள் இருந்தது. நான் அவன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டோம். அவள் வேண்டாம் என்று சொன்னாளா இல்லையா? தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "மூணு தடவைதானே ஆன்ட்டி சொன்னா."