உயில் இல்லாமல் இறந்த தாய்லாந்துக்காரரின் சொத்து: யாருக்கு எத்தனை பங்கு?

வரவுசெலவு (கேள்வி)

கோன் கேன் மாகாணத்தில் ஒரு தாய்லாந்துக் குடும்பத்துக்குக் கணக்கு வழக்கு பார்க்கிறேன். குடும்பத் தலைவர் உயில் எழுதாமல் போய்விட்டார். மனைவியோடு பதிவுத் திருமணம். எட்டு ஆண்டுகளாக இருவரும் தனித்தனியே இருந்தார்கள், ஆனால் விவாகரத்துப் பதிவு இல்லை. பிள்ளைகள் மூவர்: மூத்த மகன், இளைய மகன் இப்போது பிக்கு, மகள் அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டார், அவருக்கு 15, 12 வயதில் இரண்டு பிள்ளைகள். கடைசி ஆண்டுகளில் குடும்பத் தலைவர் வேறொரு பெண்ணோடு பதிவில்லாமல் வாழ்ந்தார். அவர்களுக்கு ஒரு பையன். பிறப்பைப் பதிந்தது இவரே, குடும்பப் பெயரும் இவருடையதே. இறந்தவரின் அம்மா இருக்கிறார், அப்பா இல்லை. தம்பியும் தங்கையும் உண்டு.

மணமான பின் வாங்கிய நிலம், வங்கிப் பணம் சேர்த்து 40 லட்சம் பாட். அப்பா வழியில் வந்த வயல் 10 லட்சம். பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு என்று ஊரில் சொல்கிறார்கள். சரியா? மூத்தவர், "எல்லாம் முதலில் என் பேருக்கு வரட்டும், பிறகு பிரித்துக்கொள்ளலாம்" என்கிறார். வாரிசுச் சான்றிதழ் எந்த அலுவலகத்தில் வாங்குவது?

சனோட்பத்திரம்

ஊர்க்கணக்கில் இறந்தவரின் அம்மாவை விட்டுவிட்டார்கள். அங்கேதான் பெரும்பாலும் தகராறு தொடங்கும்.

முதலில் தம்பதியின் சொத்தைப் பிரியுங்கள். மணமான பின் சம்பாதித்தது சின் சோம்ரோட், அதாவது இருவருக்கும் பொதுச் சொத்து. மணத்துக்கு முன்பே இருந்ததும், பாகமாகவோ அன்பளிப்பாகவோ ஒருவருக்கு மட்டும் வந்ததும் சின் சுவான் துவா, அதாவது தனிச் சொத்து. எதில் சேரும் என்று சந்தேகம் வந்தால் சின் சோம்ரோட் என்றே சட்டம் கொள்ளும். ஒருவர் இறந்தால் விவாகரத்தில் பிரிப்பதுபோலவே இதைப் பிரிக்க வேண்டும் (சிவில் வணிகச் சட்டம், பிரிவு 1625). 40 லட்சத்தில் 20 லட்சம் மனைவியின் சொந்தச் சொத்து, அதை வாரிசுப் பாகத்தில் சேர்க்கக் கூடாது. பிரிந்திருந்த எட்டு ஆண்டுகளில் வாங்கிய நிலமும் இதே கணக்குதான். மீதி 20, வயல் 10, ஆக 30 லட்சம் வாரிசுகளுக்கு.

வாரிசுகளை பிரிவு 1629 ஆறு வரிசையாக வைக்கிறது: பிள்ளைகள் வழி, பெற்றோர், உடன்பிறந்தோர், ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான உடன்பிறந்தோர், தாத்தா பாட்டிகள், கடைசியாக பெற்றோரின் உடன்பிறந்தோர். மேல் வரிசையில் ஒருவர் இருந்தாலே கீழ் வரிசைக்கு ஒன்றும் இல்லை. ஆகவே தம்பி, தங்கை கணக்கிலேயே வர மாட்டார்கள். ஒரே விலக்கு பெற்றோர்: பிள்ளைகள் இருந்தாலும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கு ஒரு பிள்ளைப் பங்கு (பிரிவு 1630). நம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் முதல் வகுப்பில் அம்மா மட்டும்தான், அப்பா இல்லை. அந்தப் பழக்கத்தில் இங்கே கணக்குப் போடாதீர்கள்.

பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கும் ஒரு பிள்ளைப் பங்கு. பிள்ளையே இல்லாமல் பெற்றோரோ உடன்பிறந்தோரோ மட்டும் இருந்தால் பாதி. அதற்கும் கீழ் வரிசைகள் என்றால் மூன்றில் இரண்டு. யாருமே இல்லையென்றால் முழுவதும். 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத்தவரும் பதிவுத் திருமணம் செய்யலாம் என்பதால் அவர்களுக்கும் இதே விகிதம்.

உங்கள் குடும்பத்தில் மனைவி, மூத்தவர், பிக்கு, மகள் கிளை, சின்னப் பையன், அம்மா என்று ஆறு பங்கு. ஆளுக்கு 5 லட்சம். மகளின் பங்கு அவர் பிள்ளைகளுக்கு இரண்டரை லட்சம் வீதம் இறங்கும். மருமகனுக்கு அதில் பாகம் இல்லை. மனைவிக்கு மொத்தம் 25 லட்சம். கடன் இருந்தால் கழித்த பிறகுதான் இந்த எண்கள்.

ஆம்ஃபோ_வாசல்

வாரிசுச் சான்றிதழ் என்று தாலுகாவில் எழுதிக் கொடுப்பதுபோல தாய்லாந்தில் ஒரு தாள் கிடையாது. வழி இரண்டு.

சொத்து நிலம் மட்டும்தான், சண்டையும் இல்லை என்றால் நில அலுவலகமே போதும். வாரிசுகள் விண்ணப்பித்தால் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள்: நில அலுவலகம், ஆம்ஃபோ (மாவட்ட அலுவலகம்), உள்ளாட்சி அலுவலகம், கம்னான் (வட்டாரத் தலைவர்) இடம், அந்த நிலத்திலேயும். ஆட்சேபம் வராவிட்டால் பதிந்துவிடுவார்கள். வந்தால் அதிகாரி சமரசம் பேசுவார், முடியாவிட்டால் உத்தரவு போடுவார். பாதிக்கப்பட்டவர் 60 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும்.

உங்கள் விஷயத்தில் வங்கிப் பணம் இருக்கிறது. வங்கி கேட்பது நீதிமன்ற உத்தரவைத்தான். ஆகவே இறந்தவரின் குடியிருப்புப் பகுதி நீதிமன்றத்தில் "பூ சாட்கான் மொரடோக்", அதாவது சொத்து நிர்வாகி நியமனத்துக்கு மனுப் போடுங்கள். தனி வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் உரிமைப் பாதுகாப்புப் பிரிவே மனுத் தாக்கல் செய்து தருகிறது. உத்தரவு வந்தபின் மேல்முறையீட்டுக் காலமான ஒரு மாதம் கழியட்டும். வழக்கு முடிந்தது என்ற சான்றையும் கையோடு வாங்குங்கள். சில இடங்களில் உத்தரவு நகலை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: மரணச் சான்று, "இறந்தார்" முத்திரை விழுந்த தபியன் பான் (வீட்டுப் பதிவேடு) நகல், திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், ஏற்கெனவே இறந்த அப்பாவுக்கும் மகளுக்கும் மரணச் சான்று, சனோட் (நில உரிமைப் பத்திரம்), வங்கிப் புத்தகம், உறவுமுறை வரைபடம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதங்கள். மாட்டிக்கொள்ளும் இடம் பெயர்தான். தாய்லாந்தில் பலர் பெயரை அலட்டிக்கொள்ளாமல் மாற்றுவார்கள். பிறப்புச் சான்றில் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று. பெயர் மாற்றச் சான்று இல்லையென்றால் ஆம்ஃபோவில் முதலில் அதை எடுங்கள்.

மூத்தவரிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். நிர்வாகி உரிமையாளர் அல்ல. 15 நாளுக்குள் சொத்துப் பட்டியலைத் தொடங்கி, ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். சொத்தில் அக்கறையுள்ள இரண்டு சாட்சிகளாவது முன்னிலையில். நீதிமன்றம் நீட்டிக்காவிட்டால் ஓராண்டுக்குள் கணக்கு ஒப்படைத்துப் பிரித்துவிட வேண்டும். தன் நலன் இறந்தவர் சொத்தின் நலனோடு மோதும் பேரத்தைத் தானே நடத்தக் கூடாது. தன் பேருக்கே எழுதிக்கொண்டு விற்றால் குற்றவியல் சட்டம் 354இன்படி ஐந்தாண்டு வரை சிறை. ஆனால் இது சமரசத்துக்கு உட்பட்ட குற்றம் என்பதால், தெரிந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்காவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

காவி_வீதி

கேள்வியில் சிக்கலான மூன்று பேரைப் பற்றி மட்டும்.

பிக்குவின் பங்கு எண்ணிக்கையில் உண்டு, ஆனால் துறவு நிலையில் இருந்துகொண்டு அவர் கேட்டுப் பெற முடியாது. காவியைக் கழற்றிவிட்டு வந்து, காலக்கெடுவுக்குள் கேட்க வேண்டும் (பிரிவு 1622). கெடு, மரணம் தெரிந்த நாளிலிருந்து ஓராண்டு. மரணத்திலிருந்து பத்தாண்டு உச்சவரம்பு. மற்ற வாரிசுகள் தாமாகக் கொடுத்தால் தடை இல்லை. துறவுக் காலத்தில் வந்த சொத்தை வைத்துக்கொண்டு உயிலில்லாமல் பிக்குவாகவே இறந்தால் அது அவருடைய விகாரையான வாட்டுக்குப் போய்விடும் என்பதையும் குடும்பம் யோசிக்கட்டும்.

சின்னப் பையன் சட்டப்படி அம்மாவின் பிள்ளை மட்டுமே. ஆனாலும் தகப்பன் நடத்தையால் ஏற்றுக்கொண்ட பிள்ளைக்கு வாரிசுரிமை உண்டு (பிரிவு 1627). தானே பிறப்பைப் பதிந்தது, குடும்பப் பெயர் கொடுத்தது, பள்ளிச் செலவு கொடுத்தது எல்லாம் ஆதாரம். பணம் அனுப்பிய ரசீதுகளையும் பள்ளிப் பதிவேட்டு நகலையும் இப்போதே சேர்த்து வையுங்கள். இதில் ஒரு விநோதம்: பையன் முன்பே இறந்திருந்தால் இந்தத் தகப்பனுக்கு அவன் சொத்தில் வாரிசுரிமை வந்திருக்காது.

அந்தப் பெண் வாரிசு அல்ல, எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும். இருவரும் உழைத்துச் சேர்த்த சொத்து இருந்தால் கூட்டு உரிமையாளராகத் தன் பாகத்தைக் கேட்கலாம். அது வேறு வழக்கு.

வரவுசெலவு

தெளிவாயிற்று, நன்றி. அம்மா தன் பங்கு மூத்த பேரனுக்கே போகட்டும் என்கிறார். கூட்டுறவுக் கடன் இருக்கிறது. ஆயுள் காப்பீடு ஒன்று, அதில் பெயர் போட்டிருப்பது மனைவிக்கு.

சனோட்பத்திரம்

காப்பீடு பெயர் போட்டவருக்கே. அது இறந்தவரின் சொத்தில் சேராது, ஆறு பங்கில் கொண்டுவராதீர்கள்.

கடனுக்கு வாரிசுகள் வாங்கிய பாகத்தின் அளவுக்கு மேல் பொறுப்பில்லை. கூட்டுறவும் மரணம் தெரிந்த ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்காகத் தானாகக் கையெழுத்துப் போட்டுப் புதுக் கடன் பத்திரமாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

அம்மா "மறுக்கிறேன்" என்று எழுதுவது ஆபத்து. வாரிசுரிமை மறுப்பில் நிபந்தனை வைக்க முடியாது, பாதியை மறுக்க முடியாது, திரும்பப் பெறவும் முடியாது (பிரிவு 1613). "இன்னாருக்காக மறுக்கிறேன்" என்பது மறுப்பே ஆகாது. தன் பங்கைத் தன் பேரில் வாங்கிப் பேரனுக்கு எழுதட்டும், அல்லது எல்லோரும் கையெழுத்திடும் பாகப்பிரிவினை ஒப்பந்தத்தில் சேர்க்கட்டும். பின்னதில் ஒரு முள்: 15, 12 வயதுப் பிள்ளைகள். தாய்லாந்தில் 20 வயதில்தான் மேஜர். அவர்கள் சார்பில் அப்பா சமரச ஒப்பந்தம் செய்யவோ நிலம் விற்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் போனால் நில அலுவலகக் கவுண்டரிலேயே நின்றுவிடும். சின்னப் பையனுக்கும் இதே விதி.

யாலா_ரயிலடி

பின்னால் படிப்பவர்களுக்காக: பட்டாணி, யாலா, நராதிவாட், சாட்டூன் நான்கு மாகாணங்களில் முஸ்லிம்களுக்கு இடையிலான வாரிசு வழக்கில் மேலே உள்ள விகிதங்கள் செல்லாது. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி இஸ்லாமிய முறை. நீதிபதியோடு இஸ்லாமியச் சட்டம் தெரிந்த டாத்தோ யுத்திதம் அமர்வார். பாங்காக்கில் வாழும் முஸ்லிம் குடும்பத்துக்குப் பொதுச் சட்டமே.

வாரிசு வெளிநாட்டவராக இருந்தால் பங்கு உண்டு, நிலத்தை வைத்துக்கொள்வது கடினம். அமைச்சரின் அனுமதி இல்லையேல் ஓராண்டுக்கு மிகாமல் கொடுக்கும் கெடுவில் விற்க வேண்டும்.

செலவு: நிலப் பதிவுக் கட்டணம் நேர்வழி உறவுக்கும் மனைவிக்கும் மதிப்பீட்டில் 0.5 சதவீதம், மற்றவர்களுக்கு 2. வாரிசு வரி 2016 பிப்ரவரி 1 முதல் இருக்கிறது. ஒருவருக்கு 10 கோடி பாட்டைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் என்பதால் உங்கள் குடும்பத்தைத் தொடாது. படிவங்களில் ஆண்டு புத்த வருடத்தில் இருக்கும். கிறிஸ்து ஆண்டோடு 543 கூட்டிக்கொள்ளுங்கள்.