பதில்: டிசைப்பிள்ஷிப் – ‘சீடப்பழகல்’ சரி வருமா?

அன்பின் நண்பர்களே,

காலபோக விதைப்பு நெருக்கத்தில் உடனே எழுத முடியவில்லை. நாம் மொழிபெயர்க்கும் கிறிஸ்தவக் கைநூலில் வரும் டிசைப்பிள்ஷிப்புக்கு, அதாவது இயேசுவின் சீடராக வாழ்வதற்கு, ‘சீடப்பழகல்’ என்று நான் முன்வைத்த சொல்லைப் பற்றி மூன்று நாளாக வந்த மடல்களை நேற்றிரவுதான் ஒன்றாக வாசித்தேன்.

> ‘சீடத்துவம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. எதற்குப் புதுச்சொல்?

மன்னார் அக்கா, நியாயமான கேள்வி. சீடத்துவம் இருக்கட்டும், அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் அது நிலையைச் சொல்லும் சொல். சமத்துவம், தாய்த்துவம், குருத்துவம் எல்லாம் அப்படித்தான். ‘துவம்’ சேர்ந்தால் சொல் ஓரிடத்தில் நின்றுவிடும். கைநூலில் டிசைப்பிள்ஷிப் வருகிற இடங்களில் பாதிக்கு மேல், ஒருவர் இயேசுவின் பின்னே போய்ப் போய் மெல்ல மாறிவருவதையே சொல்கின்றன. லூக்கா 9:23இல் சிலுவையை ‘அனுதினமும்’ எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறாரே, அந்த அனுதினம் ‘துவ’த்துக்குள் அடங்குமா?

புதிய ஏற்பாட்டில் இப்படி ஒரு பண்புப்பெயரே கிடையாது. ஆளைக் குறிக்கும் ‘மதேதேஸ்’ என்ற கிரேக்கச் சொல் நற்செய்திகளிலும் அப்போஸ்தலர் நடபடிகளிலும் நிறைய வருகிறது. கற்றுக்கொள் என்று பொருள்படும் ‘மந்தானோ’ அதன் வேர். ‘மதேதேவோ’ என்ற வினை நாலே நாலு இடத்தில். அதில் ஒன்று மத்தேயு 28:19. பழைய மொழிபெயர்ப்பில் ‘சீஷராக்கி’, 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் ‘சீடராக்குங்கள்’. சீஷன், சீடன் இரண்டும் ‘சிஷ்ய’ என்ற ஒரே வடசொல்லின் பிள்ளைகள். அந்தச் சண்டையில் நேரம் போக்க வேண்டாம்.

> ‘பின்பற்றல்’ என்றே வைத்தால் என்ன? ‘மாணாக்கம்’ இன்னும் நல்ல தமிழ்.

சென்னை ஐயாவின் முதல் சொல்லுக்கு நல்ல துணை இருக்கிறது. ஜெர்மன் இறையியலர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் எழுதிய நூலின் ஜெர்மன் தலைப்பு ‘நாக்ஃபோல்க’, பின்னே போதல். ஆங்கிலத்தில்தான் அது டிசைப்பிள்ஷிப் ஆயிற்று. ஆனாலும் இன்றைக்குப் பின்பற்றல், பின்தொடர்தல் என்றால் பிள்ளைகளுக்கு முகநூல்தான் ஞாபகம் வரும். விரலால் ஒரு தட்டு, முடிந்தது. மாணாக்கர் அழகான சொல். ஆசிரியனை விட்டு ‘நிழலின் நீங்கான்’ என்று நன்னூல் மாணாக்கனைச் சொல்கிறது. நாம் தேடும் பொருள் அப்படியே அதில் இருக்கிறது. ஆனால் அந்த நிழல் சொல்லைவிட்டு எப்போதோ போய்விட்டது. இப்போது மாணவன் என்றால் வெள்ளைச் சீருடை, ஓஎல் பரீட்சை.

நான் ‘பழகு’ என்ற வினைக்கு வந்த கதையைச் சொல்கிறேன். போன மாதம் எங்கள் வீட்டுத்திட்ட வீட்டுக்குப் பின்னால் குசினி கட்டினோம். மேசனோடு ஒரு பொடியனும் வந்தான். “மேசன் வேலை பழகுறான்” என்றார். படிக்கிறான் என்று சொல்லவில்லை. முதல் கிழமை முழுக்கச் சாந்து குழைத்தான், கல் எடுத்துக் கொடுத்தான். அடுத்த கிழமை மேசன் சாந்தகப்பையை அவன் கையில் கொடுத்து ஒரு வரிக் கல் வைக்க விட்டார். பொடியன் கல்லை வைத்து, அகப்பைப் பிடியால் இரண்டு தட்டுத் தட்டி, இடப்பக்கம் தலையைச் சாய்த்து மட்டம் பார்க்கும் நூலைப் பார்த்தான். அந்தத் தலைச்சாய்ப்பு அப்படியே மேசனுடையது! அவர் அதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார். தான் அப்படிச் சாய்ப்பதே அவருக்குத் தெரியாது.

சைக்கிள் பழகுகிறோம், நீச்சல் பழகுகிறோம், தையல் பழகப் போகிறோம். கையும் காலும் கற்கிற எதற்கும் எங்கள் பக்கம் இதுதான் சொல். அதே வினைதான் ஆளோடும்: ‘அவரோடு பத்து வருஷமாகப் பழகுகிறேன்.’ வேலையைப் பழகுவதும் ஆளோடு பழகுவதும் தமிழுக்கு ஒரே சொல். இப்படியொரு சொல் கையில் இருக்க நாம் ஏன் வெளியே தேடினோம்?

மாற்கு 3:14ஐ எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்தது முதலில் ‘தம்மோடுகூட இருக்கவும்’, அப்புறம்தான் அனுப்பவும். அப்போஸ்தலர் 4:13இல் ஆலோசனைச் சங்கத்தார் பேதுருவையும் யோவானையும் பார்த்து ‘படிப்பறியாதவர்கள்’ என்று கண்டு வியக்கிறார்கள். கூடவே ‘இயேசுவுடனேகூட இருந்தவர்கள்’ என்றும் அறிந்துகொள்கிறார்கள். படிக்கவில்லை, பழகியிருந்தார்கள். அந்த வசனத்தைத் தமிழில் வாசிக்கும்போது எனக்கு மேசன் பொடியனின் தலைதான் தெரிகிறது.

ஆகவே, நிலைக்குச் சீடத்துவம். அந்த நாளாந்த நடப்புக்குச் ‘சீடப்பழகல்’.

> பழக்கம் என்றால் குடிப்பழக்கம். பழகுகிறார்கள் என்றால் காதல். சபையில் சிரிப்பார்கள்.

வவுனியாத் தம்பி, அதனால்தான் ‘பழக்கம்’ வேண்டாம், ‘பழகல்’ என்கிறேன். பழக்கம் படிந்து முடிந்தது, பழகல் இன்னும் நடந்துகொண்டிருப்பது. முன்னால் ‘சீட’ நிற்கும்போது காதலுக்கு அங்கே இடமில்லை. சீடப்பிள்ளை என்ற சொல் இருக்கிறதே, அதே கட்டுமானம்தான். முதலில் காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஞானஸ்நானமும் ஒரு காலத்தில் புதுச்சொல்தான்.

‘பழக்குதல்’ என்று பிறவினையாக்குவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இதில் எனக்குச் சொந்தக் காயம் உண்டு. இளவயதில் நான் போன ஒரு சபையில், என்னைச் சீஷனாக்கும் பொறுப்பை எடுத்த அண்ணன் ஒருவர், எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது, யாரோடு கதைப்பது என்பதுவரை தன்னிடம் கேட்டே செய்யச் சொன்னார். இரண்டு வருஷம் அப்படியே இருந்தேன். கடைசியில் நான் யாருடைய சீஷன் என்பதே எனக்குத் தெரியவில்லை. ‘நீங்கள் எல்லாரும் சகோதரராயிருக்கிறீர்கள்’ என்ற மத்தேயு 23:8ஐ அந்த இரண்டு வருஷத்தில் யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை.

பழக்குவது நாம்பனை, இளங்காளையை. அதிலும் பாருங்கள், நாம்பனை வண்டிலில் பூட்டும்போது பழகின மாட்டோடுதான் சோடி சேர்ப்பார்கள். மத்தேயு 11:29இல் ‘என் நுகத்தை’ ஏற்றுக்கொண்டு ‘என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று இயேசு சொல்லும்போது, அந்தக் ‘கற்றுக்கொள்’ளும் மந்தானோதான். நுகம் அவருடையது. ஆகவே வழிகாட்டுகிற ஆளுக்கு ‘உடன்பழகுநர்’ என்று முன்வைக்கிறேன். அவரும் பழகுகிறவர், கொஞ்சக் காலம் முன்னே தொடங்கியவர்.

அடுத்து, கைநூலில் வரும் ‘ஸ்பிரிச்சுவல் குரோத்’துக்கு ஆவிக்குரிய வளர்ச்சியா ஆன்மீக வளர்ச்சியா என்பது சீர்திருத்தச் சபை, கத்தோலிக்க வழக்கு வேறுபாடு. ஆவியானவர் சொல்லிலேயே தெரிவதால் எனக்கு முதலாவது விருப்பம். ஆனால் கைநூலின் ‘குரோத்’ அத்தியாயத்தில் புள்ளி போடும் அட்டவணை ஒன்று இருக்கிறது, அதை ‘வளர்ச்சி அளவீடு’ என்று பெயர்க்க எனக்கு மனமில்லை. மாற்கு 4:28இல் நிலம் முளையையும் கதிரையும் தானியத்தையும் ‘தானாய்’க் கொடுக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்தாலும், வரம்பில் நின்று பயிரை இழுத்து நீட்டினவர் யாருமில்லை. பவுலும் நட்டதைத் தன் பெயரிலும் நீர்ப்பாய்ச்சினதை அப்பொல்லோ பெயரிலும் எழுதிவிட்டு, விளையச்செய்தது தேவனே என்கிறார். ‘வளர்ச்சியைக் கவனித்தல்’ போதும்.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘ஞானஸ்நானத்தோடு சீடப்பழகல் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது.’ எனக்கு இடறவில்லை. நான்காம் அத்தியாயத்தில் வரும் ‘சீடப்பழகல் குழு’ மட்டும் கொஞ்சம் நீளம். ‘பழகுகுழு’ என்றால் பொருள் போய்விடுமா? மன்னார் அக்கா, உங்கள் பங்குக் கோயிலில் அன்பியக் கூட்டத்துக்கு (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டம்) வருகிறவர்களிடம் விளக்கம் ஒன்றும் சொல்லாமல் வாசித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து