உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் கூலிக்கு எள் ஆட்டித் தரும் மரச்செக்கு தெரியுமா?

வணக்கம். எங்கள் மானாவாரிக் காட்டில் விளைந்த எள் மூட்டை கட்டிக் கிடக்கிறது. விற்க மனமில்லை. வீட்டுக்கும் அக்கா தங்கைகளுக்கும் நல்லெண்ணெயாக ஆட்டிக்கொள்ள ஆசை. விசாரித்த இடமெல்லாம் எண்ணெய் பிழியும் இரும்பு இயந்திரமான எக்ஸ்பெல்லர்தான். எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்; எக்ஸ்பெல்லர் அதில் பெரும்பகுதியைப் பிழிந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்த அழுத்தத்தில் சூடு ஏறி வாசனை மாறிவிடுகிறது. மரச்செக்கு மெதுவாகச் சுற்றுவதால் அவ்வளவு சூடாகாது. பிண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் தங்கினால் என்ன, மாடு தின்னட்டும்.

கருப்பட்டி விஷயம் முக்கியம். எள் அரைபடும்போது அதைச் சேர்த்தால்தான் பிண்ணாக்கு திரண்டு எண்ணெய் நன்றாகப் பிரியும். சில இடங்களில் அதற்குப் பதில் மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு, ஊற்றுகிறார்கள். எங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். கருப்பட்டியை நாங்களே கொண்டுவருகிறோம்.

செக்கானூரணி வரைக்கும் வரத் தயார். கண்முன்னே ஆட்டித் தருகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கிலோவுக்கு என்ன கூலி, ஒரு தடவைக்குக் குறைந்தது எத்தனை கிலோ போட வேண்டும், பிண்ணாக்கைத் திருப்பித் தருவார்களா? அப்புறம், ஆட்டிய எண்ணெயை வெயிலில் எத்தனை நாள் தெளியவைக்கிறீர்கள்? ஐப்பசி மழைக்கு முன்னால் ஆட்டிவிட வேண்டும், ஈரம் பட்டால் எள் வீணாகிவிடும்.