ஆழ்தோண்டலில் 'பேக் அனாலிசிஸ்': 'விளைவுவழிப் பகுப்பாய்வு' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஆழமான பள்ளம் தோண்டும்போது, அளந்த நகர்விலிருந்து பின்னோக்கிப் போய் மண்ணின் பண்புகளைக் கண்டறிவதை ஆங்கிலத்தில் 'பேக் அனாலிசிஸ்' (back analysis) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்த 'மீள்பகுப்பாய்வு', 'பின்னாய்வு', 'அளவுப் பொருத்தம்' மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. முதலாவது, போட்ட கணக்கையே மறுபடி போடுவது. இரண்டாவதைக் கேட்டால் விபத்துக்குப் பிந்தைய விசாரணைதான் நினைவுக்கு வரும். மூன்றாவதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

களத்தில் நடப்பதைப் பாருங்கள். பள்ளத்தின் ஓரத்தில் மண் சரியாமல் தாங்கும் தாங்குசுவரில் பதித்த குழாய்க்குள் சாய்வுமானியை அடிவரை இறக்கி, மேலே இழுத்தபடி அரை மீட்டருக்கு ஒருமுறை சாய்வைக் குறிக்கிறார்கள். அவற்றை அடியிலிருந்து கூட்டி வந்தால் சுவர் எந்த ஆழத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்ற வளைகோடு கிடைக்கும். முதல் முட்டு (எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே குறுக்காக வைக்கும் உத்திரம்) வைக்குமுன் சுவரின் தலை சாயும். முட்டுகள் வைத்துத் தோண்டத் தோண்ட, பள்ளத்தின் அடித்தளத்தை ஒட்டி வயிறு தள்ளும். இப்படி ஒரு வளைகோடு வர மண்ணின் விறைப்பும் (உருமாறாமல் எதிர்க்கும் தன்மை) வலிமையும் (உடையாமல் தாங்கும் திறன்) எவ்வளவு இருக்க வேண்டும் என்று தேடுவது ஒரு வேலை. அந்த மதிப்புகளைக் கொண்டு, அடுத்த கட்டத்தில் சுவர் எவ்வளவு நகரும், பக்கத்துக் கட்டடத்தின் அடிநிலம் எவ்வளவு தாழும் என்று சொல்வது வேறு வேலை. முன்னதை 'விளைவுவழிப் பகுப்பாய்வு' என்றும் பின்னதை 'மீள்கணிப்பு' என்றும் பிரித்தே வழங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'விளைவுவழிப் பெற்ற வலிமை' என்று அடையாகவும் அது இயல்பாக வருகிறது.

'அளவுப் பொருத்தம்' எளிய சொல்தான். ஆயினும் அதைக் கடுமையாக எதிர்க்கிறேன். சிங்கப்பூரில் நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி, வட்டப் பாதை ரயிலுக்காகக் கடற்களிமண்ணில் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம் தோண்டிய பள்ளம் 2004 ஏப்ரல் 20 அன்று சரிந்து நான்கு பேர் இறந்தனர். அதற்கு முன்பே சுவரின் நகர்வு கணிப்பை மீறியிருந்தது. அப்போது கணக்கை அளவுக்குப் பொருந்தும்படி திருத்தி, அனுமதி எல்லையை உயர்த்தி, வேலையைத் தொடர்ந்தார்கள். வடிவமைப்பில் களிமண்ணின் வலிமை மிகையாக எடுக்கப்பட்டிருந்ததையும், முட்டுகள் கிடைவிட்டங்களோடு (சுவரை ஒட்டிக் கிடையாக ஓடும் விட்டங்கள்) சேரும் இணைப்புகள் வலுக்குறைந்திருந்ததையும் அந்தப் பொருத்தம் காட்டிக்கொடுக்கவில்லை. விறைப்பைக் குறைத்தாலும் வலிமையைக் குறைத்தாலும் தொடக்கக் கட்டங்களில் கிட்டத்தட்ட ஒரே வளைகோடு வரக்கூடும். ஆழம் கூடக்கூடத்தான் இரண்டும் பிரியும். கோடு பொருந்தினால் போதும் என்ற எண்ணத்தை நம் சொல்லே ஊட்டக் கூடாது.

'எதிர்வழிக் கணக்கு' சுருக்கமாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். எதற்கு எதிர் என்பது அதில் விளங்கவில்லை. நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், மயக்கத்தைப் பொறுக்க முடியாது.

களத்தில் அளந்து பார்த்தபடியே வடிவமைப்பைத் திருத்திக்கொள்ளும் முறையை (observational method) மண்பொறியியல் அறிஞர் ரால்ஃப் பெக், அத்துறையின் புகழ்பெற்ற ராங்கின் சொற்பொழிவில் 1969-இல் விளக்கினார். அதற்கு 'நோக்குமுறை' என்ற சொல் எனக்கு உடன்பாடே. அளவீடு கணிப்பை மீறினால் என்ன மாற்றம் செய்வது என்று முன்பே முடிவுசெய்து வைத்திருப்பது அந்த முறையின் உயிர்நாடி. ஆகவே அதன் விளக்கக் குறிப்பில் 'மாற்றுத் திட்டம்' என்ற தொடர் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

இன்னும் ஒன்று தீரவில்லை. அளவீடு எட்டியதும் வேலையை நிறுத்திப் பார்க்க வேண்டிய வரம்புக்கு 'எச்சரிக்கை அளவு' என்பதா, 'தடுப்பெல்லை' என்பதா? எச்சரிக்கை என்றால் வேலை தொடரலாம் என்று படித்துவிடுவார்கள் என அஞ்சுகிறேன். கட்டுமானத் தளத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.