நியூ ஜெர்சி பப்ளிக் ஹைஸ்கூல்: பத்தாவது முடித்த பையனை லெவன்த் கிரேடில் சேர்க்க என்னென்ன தேவை?

வேளச்சேரிக்காரன்:
சிபிஎஸ்இ பத்தாவது முடித்த பையன். ஆகஸ்ட் முதல் வாரம் நியூ ஜெர்சியில் ஒரு சபர்புக்குக் குடிவருகிறோம். லீஸ், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, டிரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்களின் மதிப்பெண் பதிவு) கேட்கிறார்கள். டிரான்ஸ்கிரிப்டுக்குப் பத்தாவது மார்க் ஷீட் போதுமா? கணக்கில் எந்த வகுப்பில் போடுவார்கள்? பையன் கூச்ச சுபாவம், சுத்த சைவம். முதல் சில வாரம் தடுமாறாமல் இருக்க எதைச் சொல்லிக்கொடுத்து அனுப்பலாம்?

பாடக்கணக்கு:
போதாது. அங்கே ஹைஸ்கூல் என்பது ஒன்பதாவதிலிருந்து நான்கு வருடம். அதனால் ஒன்பது, பத்து இரண்டுக்கும் பாடவாரியான மதிப்பெண்ணைப் பள்ளியின் லெட்டர்ஹெட்டில், பிரின்சிபால் கையெழுத்து, சீலோடு, ஒட்டிய கவரில் இரண்டு செட் வாங்கிவிடுங்கள். விமானம் ஏறின பிறகு இதை வாங்குவது பெரும்பாடு. நம்மூர் மதிப்பெண்ணை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றித் தரும் வெளி நிறுவன மதிப்பீட்டை, டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதிப் பள்ளி நிர்வாகம்) கேட்டால் மட்டும் செய்யுங்கள். கேட்காமல் செய்தால் காசுக்குக் கேடு.

மாநில விதிப்படி டிப்ளமாவுக்கு (ஹைஸ்கூல் முடித்த சான்றிதழ்) 120 கிரெடிட். வருடம் முழுக்க நடக்கும் ஒரு பாடம் பொதுவாக 5 கிரெடிட். ஆங்கிலம் நான்கு வருடம். யூ.எஸ். ஹிஸ்டரி இரண்டு வருடம், அதைத்தான் நம்மூரிலிருந்து கொண்டுபோக முடியாது. பதினொன்று, பன்னிரண்டு இரண்டிலும் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற ஆசைகளை வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிவியலில் ஒரு சிக்கல். நம் மார்க் ஷீட்டில் 'சயின்ஸ்' என்று ஒரே வரி. அவர்களுக்கு பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் தனித்தனி வருடம், லேபோடு. பாடத்திட்டத்தையும் பிராக்டிகல் செய்த பட்டியலையும் பள்ளியிலேயே சீல் போட்டு எடுத்துப் போனால் பேச ஒரு பிடி கிடைக்கும். அப்படியும் பயாலஜியை எடுக்கச் சொன்னால் சண்டை வேண்டாம். அது டிப்ளமாவுக்குக் கட்டாயம்.

கணக்கில்தான் அசந்தால் ஒரு வருடம் போய்விடும். இருபடிச் சமன்பாடு, வடிவொத்த முக்கோணம், முக்கோணவியல் எல்லாம் நமக்கு ஒரே புத்தகம். அங்கே ஆல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, ஆல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ் என்று வருடத்துக்கு ஒன்று. 'மேத்தமெடிக்ஸ்' என்ற ஒரு வார்த்தையைப் பார்க்கும் கவுன்சிலர், எதற்கு வம்பு என்று ஜியோமெட்ரியில் போட்டுவிடக்கூடும். எந்த வகுப்புக்குத் தகுதி என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட் கேளுங்கள். அதற்கு முன் மடக்கை, அடுக்குக்குறிச் சார்பு, கலப்பெண் மூன்றையும் ஜூன், ஜூலையில் படிக்கட்டும். சிபிஎஸ்இ பத்தாவதில் இல்லாத, ஆல்ஜீப்ரா 2வில் வருகிற பகுதி அது. பன்னிரண்டில் ஏபி கால்குலஸ் (கல்லூரி அளவிலான கணக்குப் பாடம்) வேண்டுமானால் பதினொன்றில் ப்ரீகால்குலஸில் உட்கார்ந்தாக வேண்டும்.

இன்னொன்று: பழைய மதிப்பெண்ணை லெட்டர் கிரேடாக மாற்றப் போகிறார்களா, 'பாஸ்' என்று மட்டும் ஏற்றப் போகிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். நம்மூர் 78ஐ அப்படியே மாற்றினால் சி ப்ளஸ். பாஸ் என்று ஏற்றினால் கிரெடிட் கிடைக்கும், ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) அடிபடாது. 95க்கு மேல் வாங்குகிற பையன் என்றால் மாற்றச் சொல்வதே லாபம்.

ஊசிக்கணக்கு:
தடுப்பூசி அட்டையில் தேதியை நாள்/மாதம் என்று எழுதியிருந்தால் டாக்டரிடம் மாதத்தை எழுத்தில் எழுதி வாங்குங்கள். 05/08 என்றால் அங்கே மே 8. பள்ளி நர்ஸ் அந்த வரிசையில் கூட்டிப் பார்த்து, இடைவெளி போதவில்லை என்று ஒரு டோஸைத் தள்ளிவிடுவார்.

ஒன்பதாம் மாதத்தில் போட்ட எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா தடுப்பூசி) கணக்கில் வராது. முதல் பிறந்தநாளுக்குப் பிறகு இரண்டு டோஸ் இருக்க வேண்டும். பத்து வயதில் போடும் டிடி ஊசியும் டிடாப் ஊசியும் ஒன்றல்ல. டிடாப்பில் கக்குவான் இருமலுக்கும் சேர்ந்திருக்கும், அவர்கள் கேட்பது அதுதான். மெனிஞ்சோகாக்கல் (மூளைக்காய்ச்சல் தடுப்பூசி) நம்மூர் அட்டையில் அநேகமாக இருக்காது, போட்டுக்கொண்டே போகலாம். காசநோய் சோதனை கேட்டால் ரத்தப் பரிசோதனையாகச் செய்யச் சொல்லுங்கள். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டவர்களுக்குத் தோல் சோதனை சும்மாவே வீங்கிக் காட்டக்கூடும்.

மணியடிச்சாச்சு:
கூச்சப்படும் பையனுக்கு முதல் எதிரி, புத்தகம் வைக்கும் லாக்கரின் பூட்டுதான். எண் வட்டைத் திருப்பித் திறக்க வேண்டும், மூன்று எண். வலப்பக்கம் மூன்று முழுச் சுற்று சுற்றி முதல் எண்ணில் நிறுத்த வேண்டும். பிறகு இடப்பக்கம் திருப்பி, இரண்டாம் எண்ணை ஒரு தடவை தாண்டவிட்டு மறு தடவை அதில் நிறுத்த வேண்டும். மறுபடி வலப்பக்கம், மூன்றாம் எண்ணுக்கு நேரே. ஒரு கோடு தாண்டிப்போய் பின்னால் இழுத்தால் திறக்காது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பீரியடுக்கு நடுவே நாலைந்து நிமிஷம்தான் கிடைக்கும். இதே மாதிரிப் பூட்டு ஒன்று வாங்கி வீட்டில் கை பழகட்டும்.

லஞ்ச் வரிசையில் ஐந்து வகை வைத்திருப்பார்கள். குறைந்தது மூன்று வகை எடுக்க வேண்டும், அதில் ஒன்று பழமோ காய்கறியோ. அப்போதுதான் முழுச் சாப்பாட்டு விலை, இல்லையேல் தனித்தனியாகப் போட்டுவிடுவார்கள். சைவத்துக்கு ஜெல்லோ, மார்ஷ்மெல்லோ வேண்டாம், ஜெலட்டின். பீன்ஸ் மசியலில் பன்றிக்கொழுப்பு உண்டா என்று கேட்டுவிட்டு எடுக்கலாம்.

தலைவலி மாத்திரையைக்கூடப் பையில் வைத்துக்கொள்ளக் கூடாது. டாக்டர் எழுத்தோடு நர்ஸிடம் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு தீ ஒத்திகை, ஒரு பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். கதவைப் பூட்டி விளக்கை அணைத்து மூலையில் உட்காரச் சொல்வார்கள். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிள்ளை மிரண்டுபோவான்.

வேளச்சேரிக்காரன்:
பூட்டு யோசனை நன்று. நண்பர்கள் கிடைக்க எதில் சேர்ப்பது? டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று வாரம் ஊருக்கு வரலாமா?

மணியடிச்சாச்சு:
கிராஸ் கன்ட்ரி (நெடுந்தூர ஓட்டம்). பல பள்ளிகளில் தேர்வு வைத்து யாரையும் கழித்துவிடாத அணி அது, ஓடத் தெரிந்தால் போதும். ஆனால் பயிற்சி ஆகஸ்டிலேயே ஆரம்பிக்கும். 365 நாளுக்குள் எடுத்த மெடிக்கல் ஃபாரம் இல்லாமல் மைதானத்தில் கால் வைக்க முடியாது. வந்து இறங்கியதும் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போடுங்கள், ஊசி பாக்கியும் அங்கேயே முடியும்.

ஊர்ப் பயணம் பெரும்பாலும் அன்எக்ஸ்கியூஸ்டு, அதாவது காரணம் ஏற்கப்படாத விடுப்பு. வருடம் 180 நாள், 18 நாள் போனால் நாள்பட்ட வராமைப் பட்டியலில் பெயர் ஏறிவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறை ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூட. அதோடு ஒட்டி, பள்ளி நாள் ஐந்துக்குள் அடக்குங்கள், அட்டெண்டன்ஸ் ஆபிசுக்கு முன்பே எழுதுங்கள்.