12673 போனால் 12674 வரும்: பிள்ளைகளின் தீராத ஆசையும் நாங்கள் செய்ததும்

ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா (தொடங்கி வைக்கிறேன்)

என் மகனுக்கு 9 வயது. 3 வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். அடுத்த வருஷமே ரயில் வந்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் வீடு. ஹார்ன் கேட்டால் சோறு ஊட்டுகிற கையைத் தட்டிவிட்டு மாடிக்கு ஓடுவான். அதுவரை அம்மா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடாத பிள்ளை, ஒருநாள் தெளிவாக ‘டபிள்யூஏபி செவன்’ என்றான். பேச்சு வந்ததே என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் சமையலறையில் போய் அழுதேன். என்னைக் கூப்பிடாமல் இன்ஜினைக் கூப்பிட்டானே என்று.

அப்போது போய்க்கொண்டிருந்த தெரபி சென்டரில், “ரயில் பேச்சு எடுத்தா பதில் சொல்லாதீங்கம்மா, தானா அடங்கிடும்” என்றார்கள். பொம்மை ரயிலைப் பீரோ மேல் ஏற்றி வைத்தேன். அடங்கவில்லை. பிறகு அதையே கூலியாக்கச் சொன்னார்கள். அஞ்சு எழுத்து எழுதினால் அஞ்சு நிமிஷம் ரயில். ஆறு மாசம் அப்படி ஓட்டினோம். எழுதினான்தான். ஆனால் கண் நோட்டில் இருக்காது, பீரோ மேல் இருக்கும். அதுவரை எந்த வண்டியைப் பார்த்தாலும் என் முந்தானையைப் பிடித்து இழுப்பான்; அது நின்றுபோனது. அவன் கணக்கில் நான் ரயிலைப் பூட்டி வைக்கிற ஆள் ஆகிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வந்த தங்கையை வண்டி ஏற்றிவிடப் போனோம். வண்டி லேட். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, வேறு பேச்சு இல்லாமல்தான் கேட்டேன்: “இது என்ன இன்ஜின் கண்ணு?” எனக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றை அவனிடம் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றதெல்லாம் பரீட்சைக் கேள்விகள். இது என்ன கலர், இது எத்தனை விரல், எல்லாம் எனக்கு விடை தெரிந்தவை. அவன் என் தாடையைப் பார்த்தான் (கண்ணைப் பார்க்க மாட்டான்). “30ல ஆரம்பிச்சா டபிள்யூஏபி செவன். 22ல ஆரம்பிச்சா டபிள்யூஏபி ஃபோர்.” இன்ஜினின் பக்கவாட்டில் எழுதியிருந்த நம்பரை என் விரலைப் பிடித்தே தொட்டுக் காட்டுவது மாதிரி நீட்டினான். அடுத்த வண்டி வந்தபோது நான் நம்பரைப் பார்த்து “ஃபோர்” என்றேன். “கரெக்ட்” என்றான். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் பிளாட்பாரம் டிக்கெட் எடுக்கிறோம்.

அதைவிடப் பெரியது பள்ளிக்கூட கேட்டில் நடந்தது. காலையில் விட்டுவிட்டுக் கிளம்பினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறுவான். “அம்மா சாயங்காலம் வந்துருவேன் சாமி” என்பதெல்லாம் அவன் காதில் நிற்காத சொல். ஆனால் அவன் நோட்டில் வண்டி நம்பர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். சேரன் எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து கோவைக்கு 12673, திரும்பிப் போவது 12674. நீலகிரி 12671, 12672. கோவை எக்ஸ்பிரஸ் 12675, 12676. போகிற வண்டிக்கு வருகிற வண்டி உண்டு. ஒருநாள் கேட்டில் குனிந்து சொன்னேன்: “அம்மா இப்ப 12673. மூணரைக்கு 12674.” அழுகை நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தான். “சேரன்” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தான்.

போன வருஷம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆட்டோவை விட்டு இறங்கும்போது வாசலில் நின்றிருந்தான். “12674. நாலு நாள் லேட்.”

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது ஒன்று. 2005இல் டைனா முர்ரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர் மூவரும் எழுதிய கட்டுரை. முர்ரேவும் லாசனும் தாங்களே ஆட்டிசம் உள்ளவர்கள். கவனம் பல பக்கம் பிரியாமல் ஒரே பக்கம் முழு வேகத்தில் பாய்வதுதான் ஆட்டிசத்தின் மையம் என்பது அவர்கள் வாதம். மோனோட்ரோபிசம் என்று பெயர். எங்கள் பக்கத்துப் பாஷையில் சொன்னால் ஒரே மடையில் ஓடுகிற தண்ணீர். மடையை அடைத்தால் தண்ணீர் பாடப் புத்தகப் பக்கம் திரும்பும் என்று நினைத்தோம். திரும்பவில்லை, கரை உடைந்தது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விருந்தாளி வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு நம்பர் சொல்லச் சொல்லாதீர்கள். என் மாமனார் ஆசையாகத்தான் கேட்டார், “டேய், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் சொல்லு.” “12633” என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். இவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். “மாமா, உங்களுக்கு நிஜமாவே அந்த வண்டியில போகணும்னா கேளுங்க, அவன் சொல்லுவான்” என்றேன். அவருக்கு முதலில் மனசு சங்கடப்பட்டது. இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் பேரனைக் கேட்டுத்தான் டிக்கெட் போடுகிறார்.

உங்கள் வீட்டில் எப்படி? சரியாகச் செய்ததை மட்டும் சொல்லாதீர்கள், தப்பையும் சொல்லுங்கள்.

ஸ்ரீரங்கத்து அப்பா

எங்களுக்கு ஃபேன். பையனுக்கு 6 வயது. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே படுக்கையறைக்குப் போய் ஸ்விட்சைப் போடுவான். பட்ட அவமானம் கொஞ்சம் இல்லை. இப்போது போவதற்கு முன்பே போன் செய்து சொல்லிவிடுகிறேன்: “வந்ததும் இரண்டு ஃபேன் பார்ப்பான், அப்புறம் உட்கார்ந்துடுவான்.” முக்கால்வாசிப் பேர் சரி என்கிறார்கள். மாட்டேன் என்றவர்கள் வீட்டுக்கு நாங்கள் போவதில்லை.

பழைய இரும்புக் கடையில் ஒரு 48 இன்ச் ஃபேன் வாங்கி, கரண்ட் இல்லாமல் தரையில் வைத்துக் கொடுத்தேன். இறக்கையைக் கழற்றுவான், மாட்டுவான். ஸ்க்ரூ திருகித் திருகியே பென்சில் பிடிக்கிற விரல் வந்தது. போன மாசம் எங்கள் ஹால் ஃபேனைப் பார்த்து “கண்டன்சர்” என்றான். எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று புதிதாகப் போட்டதும்தான் எனக்குப் புரிந்தது. அத்தனை நாள் ஃபேன் மெதுவாகத்தான் சுற்றியிருக்கிறது.

பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா

எல்லோரும் பிள்ளையின் ஆசையோடு கூடவே போங்கள் என்கிறீர்கள். எனக்குப் பயம். காரணம் சொல்கிறேன்.

என் மகனுக்கு 13 வயது. பஸ் ரூட்தான் உலகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், நான் மாவு வாங்கிக்கொண்டு திரும்பும்போது கதவு திறந்து கிடந்தது. இரண்டரை மணி நேரம். தண்டவாளத்துப் பக்கம் ஓடினேன், கோயில் குளத்துப் பக்கம் ஓடினேன். கடைசியில் என் வீட்டுக்காரர் போனுக்கு ஒரு கால். பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கண்டக்டர் பேசினார். 29சியில் ஏறி, கடைசி ஸ்டாப் வரை போய், இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறான். அப்பா போன் நம்பர் அவனுக்கு மனப்பாடம். கண்டக்டர் பொறுமையாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். நாங்கள் போனபோது கையில் டீக்கடை பன்னோடு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அந்தக் கண்டக்டரின் காலில் விழப்போனேன். “என்னம்மா இது, நம்ம புள்ளைங்கம்மா” என்றார்.

அதற்குப் பிறகு மூணு மாசம் வீட்டில் பஸ் என்ற சொல்லே கூடாது என்று வைத்தோம். படம், டிக்கெட், எல்லாவற்றையும் ஒளித்தோம். பிள்ளை பேசுவதையே நிறுத்திவிட்டான். கையைக் கடித்துக்கொண்டான், தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால் திரும்பக் கொடுத்தோம், ஆனால் விதியோடு. ஞாயிறு காலை அப்பாவோடு ஒரு ரூட், அவன் தேர்ந்தெடுப்பது. சனிக்கிழமை இரவே காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டுவான். சட்டைப் பையில் எங்கள் நம்பர் எழுதிய அட்டை, யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகல். கதவுக்கு மேல் தாழ்ப்பாள்.

இப்போதும் 29சி தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். அவன் எழுந்து ஜன்னலுக்குப் போகிறான், நான் எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

மதுரையிலிருந்து ஓர் அம்மா

என் மகளுக்குக் கோலம். 15 புள்ளி, இடுக்குப் புள்ளி 8 வரை. ஒரு புள்ளி தள்ளிப்போனால் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. மார்கழியில் நாலு மணிக்கே வாசலில் இருப்பாள். பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல்லில் தனியாக உட்கார்ந்து நோட்டின் பின்பக்கத்தில் புள்ளி வைப்பாள். தெருவே பாராட்டியது. பையன் ரயில் ரயில் என்றால் டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். பெண் பிள்ளை கோலம் கோலம் என்றால் கண் பட்டுவிடும் என்று சுற்றிப் போடுகிறோம். ஒருநாள் பைக் ஒன்று கோலத்தின் மேல் ஏறிப் போனது, இரண்டு மணி நேரம் அலறினாள். அப்போதும் பிடிவாதம் என்றுதான் அடித்தேன். ஆட்டிசம் என்று தெரிந்தபோது அவளுக்கு 12 வயது. அந்த அடிகளை இன்று நினைத்தாலும் தூக்கம் வருவதில்லை.

எனக்கே ஆட்டிசம். வயது 34, அச்சகத்தில் வேலை

பெற்றவர்கள் எழுதும் இடத்தில் பிள்ளையாக ஒன்று எழுதுகிறேன்.

எனக்கு நாட்காட்டி. தினம் கிழிக்கிற தாள். கிழித்ததை யாரையும் குப்பையில் போட விடமாட்டேன், வருஷவாரியாக நூல் கட்டி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு தாளில் தேதி பெரிதாக, கீழே நல்ல நேரம், ராகு காலம், சூலம். பள்ளிக்கூடத்தில் யார் எப்போது கத்துவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் திங்கட்கிழமை என்றால் ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை. அது மாறாது. மாறாத ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் நான் வெளியே போவேன்.

2002ஆம் வருஷம் போகி. எனக்கு 11 வயது. பழையதைக் கழிக்க வேண்டும் என்று அப்பா பெட்டியைத் தெருவுக்குக் கொண்டுபோனார். படிப்பில் கவனம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2001இன் கட்டுதான் மேலே இருந்தது. நான் கத்தவில்லை, அதனால் எனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அப்பாவிடம் என்னைப் பற்றி எதையும் சொன்னதில்லை. 15 வருஷத்துக்கு மேல்.

2018 ஜனவரி 1, காலை. அப்பா புது நாட்காட்டியை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்துவிட்டேன்: “இது 2001தான்பா. கிழமை, ராகு காலம் எல்லாம் அதேதான். திதி மட்டும்தான் மாறும்.” அவர் ஆணியைப் பிடித்தபடியே நின்றார். எது அந்த 2001 என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தேன். ஜனவரி 1இன் தாள் கசங்காமல் என் டிபன் பாக்ஸின் மேல் இருந்தது. அப்பாவுக்கு இப்போது 71 வயது, கை நடுங்குகிறது. ஓரம் கிழிந்துவிடக் கூடாது என்று ஸ்கேல் வைத்துக் கிழிக்கிறார்.